பிரஷர் கருவாடு

என் கண்ணுக்கு,

உன் அம்மா கஞ்சியை என் எதிரில் வைத்துவிட்டுக் கூடையோடு பழவேற்காட்டுக்குப் போய்விட்டாள். உப்பு போடாத கஞ்சி. தொட்டுக்கொள்ள உப்பு போடாத சுரைக்காய். அது ஆறிக்கொண்டிருக்கிறது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போய் ஏரியைப் பார்ப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். படகில் என்றால் நாள் முழுக்க ஒரே பலகையில் உட்காருகிறவன் நான். தரையில் கால் தரிக்க மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு இன்றைக்கு நம்முடைய பாடு. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை ஊரார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோமே, அதில் இன்று என் முறை. உன் மாமன் என் வலையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். "மாமா, நீ கம்முனு குந்திக்கினு இரு, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கம்மென்று குந்தியிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளாததற்குப் பாடு மட்டும் காரணமில்லை. திங்கட்கிழமை வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று நீ அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாய். அவள் மீன் ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் அதை என்னிடம் சொன்னாள். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "மாத்திரை போட்டியா நைனா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் வைக்க முடியாது. இது உனக்கு மட்டுமென்று ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன் கம்பெனியில் யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இந்த ஊரில் பிரஷர் இல்லாத வீடு எது?

இந்த வேலைக்கு நீ ஏன் போனாய் என்பது உனக்கே மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வலையைத் தூக்கும்போது எனக்குத் தலை சுற்றி, படகிலேயே சரிந்து உட்கார்ந்தேன். மாமன்தான் கரை சேர்த்தான். பொன்னேரி டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, கருவாடு, அப்பளம், ஊறுகாய், கடையில் விற்கிற பாக்கெட் எதுவும் கூடாது என்றார். பாக்கெட்டை விட்டுவிடலாம். கருவாட்டை விடு என்று இந்தக் கரையில் ஒரு மனிதனிடம் சொன்னால், அவன் மிச்சத்துக்கு எதைச் சாப்பிடுவான்? அதற்குக் கொஞ்ச நாள் கழித்து உன் அம்மா படித்துறையில் வழுக்கினாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை. கையை ஊன்றினாள், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பில் சத்தே இல்லை, கால்சியம் போதவில்லை என்றார்கள். மீன் வீட்டில் பிறந்து, மீன் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, மீனையே விற்கிறவளுக்கு எலும்பில் சத்தில்லை. நீதான் அன்றைக்குச் சட்டென்று கேட்டாய், "அம்மா என்னிக்கு மீன் துண்டு சாப்பிட்டுச்சி? கொழம்புதானே ஊத்திக்கும்" என்று. உண்மைதான். நல்ல மீன் விலைக்குப் போகும், மிச்சம் எனக்கும் உனக்கும் வரும், அவளுக்குக் குழம்பு. நெத்திலி வந்தால் மட்டும் முள்ளோடு மென்று தின்பாள், அதற்கும் இப்போது பல் ஒத்துழைப்பதில்லை.

உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் மாமன், "சமையல் கத்துக்கவா காலேஜி? உங்கம்மா அடுப்பாண்டயே கத்துத் தருவாளே" என்று கேலி செய்தான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நீ சிரிக்கவில்லை. திருப்பாலைவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் மீன் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போய்ப் படித்தாய். எளாவூர்ப் பக்கம் அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் நீ முதலில் எடுத்துக்கொண்டது, வயதானவர்கள் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற இறால் பொடி. உப்பைக் குறைக்க வேண்டும், கால்சியத்தைக் கூட்ட வேண்டும். வேறு யாருக்கு எப்படியோ, எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. உப்பைக் குறைப்பது எனக்காக, கால்சியம் கூட்டுவது அவளுக்காக. அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. பெருமையாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? தட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொடியைப் போட்டு, எங்களைத் தின்று பார்க்கச் சொன்னாய். கால்சியம் போட்டால் நாக்கில் சுண்ணாம்பு தட்டுகிறது, அதை மறைக்க உப்பு வேண்டும், உப்பைக் குறைத்தாலோ சுண்ணாம்பு மறுபடி தலை தூக்குகிறது, ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டாய். நான் ஒரு தட்டைத் தொட்டு நக்கிவிட்டு, "வெத்தல இல்லாத சுண்ணாம்பு" என்றேன். இன்னொன்றைத் தின்றுவிட்டு, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி சொன்னேன். மாமன் விழுந்து விழுந்து சிரித்தான். உன் அம்மா மட்டும் பேசாமல், உப்பைக் குறைத்து மாங்காய்ப் புளிப்புச் சேர்த்திருந்தாயே, அந்தத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவளை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. யாருடைய எலும்புக்காக இத்தனை பாடுபட்டாயோ அவளையே கேட்காமல் விட்டோம், பார்.

அதற்கப்புறம்தான் நீ அந்த வேறு உப்பைப் பிடித்தாய். பாதி நம் உப்பு, பாதி பொட்டாசிய உப்பு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், பிரஷரை அவ்வளவாக ஏற்றாது என்று விளக்கினாய். என் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டு வா என்று நச்சரித்தேன். நீ ஒரு பெரிய பை நிறையக் கொண்டு வந்தாய். "பிரஷருக்கு நல்லது, ஆனா அளவா போடும்மா" என்று அம்மாவிடம் சொன்னாய். நல்லது என்றது என் காதில் விழுந்தது. அளவு என்றது விழவில்லை. விழுந்திருந்தாலும் என்ன பிரயோசனம்? உன் கம்பெனியில் உப்பைக் கிராம் கணக்கில் நிறுப்பீர்கள். இந்தக் கரையில் கை நிறைய அள்ளுவோம், நாக்கு போதும் என்று சொல்கிறவரைக்கும் போடுவோம். அந்த உப்போ நம் உப்பளவுக்குக் கரிக்காது, கடைசியில் கொஞ்சம் கசக்கவும் செய்யும். ஆகவே நாக்கு போதும் என்று சொல்லவே இல்லை. கஞ்சிக்கு அது, மோருக்கு அது, மாங்காய்க்கு அது. எத்தனையோ நாள் கழித்து சோறு சோறாக இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், நான் உன்னை வேளைக்கு வேளை நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டர் தடுத்தது உப்பைத்தானே, கருவாட்டை இல்லையே? உப்பை மாற்றிவிட்டால் கருவாடு குற்றமற்றதாகிவிடும் அல்லவா? அந்த வாரம் வலையில் மடவை மீன் நிறையப் பட்டது. நல்லதாகப் பொறுக்கி, கீறி, உன் பையில் இருந்த உப்பை வயிற்றுக்குள் திணித்து, பானையில் அடுக்கி, மேலேயும் உன் உப்பையே தூவி, பிறகு எடுத்து மாமன் வீட்டுக் கூரை மேல் காயப் போட்டேன். அதற்குப் 'பிரஷர் கருவாடு' என்று பேர் வைத்தவன் உன் மாமன்தான். உன் அம்மாவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உப்புப் போட்டு மீனைக் காய வைக்கிற ஊரில் பிறந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி போகாது. மருந்து என்று கொடுத்ததை வைத்து, மருந்து எதைத் தடுத்ததோ அதையே செய்து தின்றவன் உன் அப்பன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால் கால் எழவில்லை. மரத்துப் போகவும் இல்லை, வலிக்கவும் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு மெதுவாக, யோசித்து யோசித்து அடித்தது. மாமன் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். பொன்னேரி போய்ச் சேருகிறவரைக்கும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், முறிந்து கூடிய அந்தக் கையால். கண்ணு, நான் பயந்தேன். புயலில் ஏரி கடலோடு சேர்ந்து கொந்தளித்த நாளில்கூட அவ்வளவு பயந்ததில்லை. அலையை நான் பார்த்திருக்கிறேன், அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியும். இது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நெஞ்சில் வயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இதயம் நின்றுவிடக்கூடும் என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இவ்வளவு நாள் பிரஷர் என் கிட்னியையும் சத்தமில்லாமல் கெடுத்திருக்கிறது. நான் சாப்பிடுகிற மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கிற ஜாதியாம். உள்ளே போனது வெளியே போக வழியில்லாமல் நின்றிருக்கிறது.

அப்போதுதான் நீ ஓடி வந்தாய். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாய், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. சரியாக அந்த நேரத்தில்தான் டாக்டர் உன் அம்மாவைக் கேட்டார்.

"வீட்ல என்ன உப்பும்மா போடறீங்க?"

"என் பொண்ணு கொண்டாந்த உப்புதான் சார். பிரஷருக்கு நல்லதுனு சொன்னா."

நீ அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாய். எழுத்து உள்பக்கம் போகும்படி. நான் மாஸ்க்குக்குள் கிடந்தேன், பேச முடியவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை அசைவுதான் கண்ணு, இன்றைக்கு வரைக்கும் என்னைத் தூங்கவிடவில்லை. கால் விழுந்துபோனதை நான் மறந்துவிட்டேன். அதை மறக்க முடியவில்லை.

டாக்டர் உன்னைத் திட்டவில்லை, அதை நீ காதில் வாங்கினாயா தெரியாது. பிரஷர் உள்ள நிறையப் பேருக்கு அந்த உப்பு நன்மைதான் என்றார். கிட்னி பலவீனமாக இருப்பவர்களுக்கும் இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் ஆபத்து, கேட்காமல் தொடக்கூடாது, அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு நர்ஸ் வந்து, "கால்சியம் போடறேன் தாத்தா, கைய ஆட்டாதீங்க" என்றாள். தாத்தா என்றதில் எனக்குக் கோபம். ஆனால் கால்சியம் என்றதும் காது நிமிர்ந்தது. எலும்புக்குத்தானே அது என்று பிறகு டாக்டரைக் கேட்டேன். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தப் பார்க்கும்போது, அதைத் தாங்கிப் பிடிக்க முதலில் போடுவது கால்சியம்தான், மற்ற மருந்தெல்லாம் பின்னால் வந்து வேலை செய்யும் என்றார். உன் இறால் பொடியில் நீ சேர்க்கப் பாடுபட்டாயே, சுண்ணாம்பு என்று நான் கேலி செய்தேனே, அதே கால்சியம். உன் பொடியில் இருந்த ஒன்று என்னைப் படுக்க வைத்தது, இன்னொன்று எழுப்பி உட்கார வைத்தது. இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று படுக்கையிலேயே நினைத்து வைத்திருந்தேன். நீ சிரிக்கிற நிலையில் இல்லை.

இரு, ஒரு நிமிஷம். வெளியே படகுச் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நம்முடையது இல்லை. கஞ்சி மேல் ஆடை கட்டிவிட்டது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பாதி குடிப்பேன், மீதியைக் கோழிக்கு ஊற்றிவிடுவேன். கோழியும் மூக்கைத் திருப்புகிறது. உன் அம்மாவுக்குத் தெரியும், ஆனால் ஒன்றும் சொல்வதில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது, திட்டுவதைவிடப் பேஜாராக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பொடிப் பாக்கெட்டின் அட்டை முடிவாகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். உப்பு குறைவு, எலும்புக்குப் பலம், பிரஷர் உள்ளவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று முகப்பில் பெரிதாகப் போட வேண்டுமென்று விற்பனைப் பிரிவு அதிகாரி சொல்கிறாராம். பொட்டாசியம் என்பது பின்பக்கம், எறும்பு எழுத்தில். நீ வேண்டாமென்று சொன்னதற்கு, சட்டப்படி போட வேண்டியதைப் போட்டாயிற்றே என்றாராம். அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், இனி உப்புப் பக்கமே போக மாட்டேன் என்கிறாய். உன் அம்மா சரி என்றுவிட்டாளாம். அவள் எதற்கு இல்லை என்றிருக்கிறாள்?

நான் சரி என்று சொல்லவில்லை. பாடு முறையில் ஒரு விஷயம் உனக்குத் தெரியும். உன் முறை வந்த அன்றைக்கு, மனசு சரியில்லை என்று நீ கரையில் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. அடுத்தவன் வலை கட்டுவான். அவன் எப்படிக் கட்டினான், என்னத்தை வாரினான் என்று அப்புறம் நீ கேட்க முடியாது. அந்தக் கூட்டத்து மேசையில் இப்போது உனக்கு ஒரு இடம் இருக்கிறது. நீ எழுந்து வந்துவிட்டால், பொட்டாசியம் ஏறினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்த ஒரு ஆள்கூட அங்கே இருக்க மாட்டார். அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நீ பார்த்திருக்கிறாய். உன் அப்பன் பேரைச் சொல்லு. கருவாடு போட்ட கதையையும் சொல்லு, சிரிக்கட்டும், பரவாயில்லை. அளவோடு போடு என்று வாயால் சொன்னதை ஒரு கிழவன் எப்படிக் கேட்பான் என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உப்பு குறைவு என்று பெரிதாக எழுதினால், கொஞ்சமாகச் சாப்பிடு என்று எவனும் படிக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றுதான் படிப்பான். நான் அப்படித்தான் படித்தேன்.

கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று முகப்பிலேயே, உன் அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் போடச் சொல்லு. முடியாது என்றால் அந்த மாங்காய்ப் புளிப்புத் தட்டை எடுத்து வை. அதில் அந்தப் பொட்டாசிய உப்பு கிடையாது, நம் உப்பும் குறைவு. நேற்று நான் அவளைக் கேட்டேன், இவ்வளவு நாள் கழித்து. "அது நல்லாதான் இருந்துச்சி, ஒங்களுக்குப் புடிக்கலியேனு நான் சொல்லல" என்றாள். அவள் நாக்கை நம்பு. என் நாக்கை நம்பியதால்தான் இவ்வளவும். இரண்டுக்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எல்லோருக்கும் எதிரே சொல்லிவிட்டு எழுந்து வா. அன்றைக்கு நானே சரி என்பேன். பேசாமல் எழுந்து வந்தால் மட்டும் எனக்கு ஆறாது. நீதான் என்னைப் படுக்க வைத்தாய் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டதாக அல்லவா ஆகும்? எனக்கு அப்படி ஒரு மகள் கிடையாது. எனக்காக உப்பையும் அவளுக்காக எலும்பையும் யோசித்த ஒரு மகள்தான் உண்டு. அவள் செய்தது முக்கால் வேலை. மிச்சம் கால் வேலை, அந்த அட்டையில் இருக்கிறது.

உன் மாமன் வந்துவிட்டான். வாசலில் நின்று கூடையைக் காட்டுகிறான், இறால் நன்றாகப் பட்டிருக்கிறது. என் முறையில் அவன் பிடித்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். எழுதி முடித்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

இதுவரைக்கும் நீ செய், நீ பேசு என்று உன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கஷ்டமான ஒரே வேலை என் எதிரில் ஆடை கட்டிக்கொண்டு இருக்கிறது, அதை நான் காலையிலிருந்து தள்ளிப் போடுகிறேன். அது நியாயமில்லை.

குடித்துவிட்டேன். கோழிக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. வாயில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, கண்ணில்தான் தண்ணீர் வந்தது. திங்கட்கிழமையும் குடிப்பேன், அதற்கு மறுநாளும் குடிப்பேன். நீ போகும்போது கழுத்தில் அட்டையை எழுத்து வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு போ.

உன் நைனா